தீர்ந்த பேச்சு

குத்தாலத்துக்குத் தெற்கே, வீரசோழன் ஆற்றங்கரையில், செம்பியநத்தம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கீழத்தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், ஆம்பிளைகள் ஓடுவார்கள். சோற்றில் கை வைத்தவன் கையைக் கழுவாமல் ஓடுவான். காய்ச்சலில் படுத்திருந்தவன் போர்வையோடு ஓடுவான். தப்பு செய்தவனும் ஓடுவான், செய்யாதவனும் ஓடுவான். நிற்கிறவனைத்தானே பிடிப்பார்கள்!

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள், கண்ணுகளா. சொல்கிறேன்.

ஆட்சி மாறி, கோட்டையில் கொடி மாறி, நிலத்துக்கு உச்சவரம்பு என்று சட்டம் வந்த சமயம் அது. இத்தனை ஏக்கருக்கு மேல் ஒருத்தர் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். செம்பியநத்தம் பண்ணையார் என்ன செய்தார்? மச்சினன் பேரில் கொஞ்சம், மருமகப்பிள்ளை பேரில் கொஞ்சம், இன்னும் பிறக்காத பேரன் பேரில் கொஞ்சம் என்று எழுதி வைத்தார். பிறகு புதுசாய் ஒரு கரை வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு, உழுகிறவனுக்கே நிலம் என்று மேடையில் கை தட்டப் போய்விட்டார். கீழத்தெரு ஆட்கள் அந்தப் பேச்சை நம்பி, பிறக்காத பேரனுடைய நிலத்தில் ஏர் கட்டி இறங்கினார்கள். மறுநாள் போலீஸ் வேன் வந்தது. ஏர் பிடித்தவன், வேடிக்கை பார்த்தவன், அந்தப் பக்கம் மாடு மேய்த்தவன் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போனது. தெரு நாட்டாமையும் போனார். நடவுக்குப் போகிற அம்சம் என்பவளின் புருஷன் மருதையன் போனான். அவள் தம்பி தங்கையனும் போனான். அக்காவையும் மாமனையும் அண்டி வளர்ந்தவன் அவன். அப்போதுதான் மீசை கறுத்திருந்தது.

ஆம்பிளை இல்லாத தெரு, படல் சாத்தாத கொல்லை மாதிரி. முதலில் கோழி போயிற்று. அப்புறம் ராஜாத்தி வீட்டு ஆடு குட்டியோடு போயிற்று. வாசலில் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடம் போயிற்று. எங்கிருந்தோ வருகிறவன் கேட்க ஆளில்லை என்று தெரிந்துகொண்டு பகலிலேயே வந்தான். வெளியூரில் திருட்டு என்றாலும் ஸ்டேஷன்காரர்களுக்குக் கீழத்தெருவின் நினைப்புத்தான் வரும். ஏற்கெனவே உள்ளே போய் வந்தவன் அங்கேதானே இருக்கிறான்? தேடி அலைய வேண்டாம் பாருங்கள்.

வேம்பு என்று ஒருத்தன். பச்சைப் பிள்ளை மாதிரி மனசு. பக்கத்து ஊரில் தண்ணீர் மோட்டார் காணாமல் போன அன்றைக்கு அவன் வாந்திபேதியில் கிடந்தான், தெருவே சாட்சி. தெருவின் சாட்சியை யார் கேட்டார்கள்? கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவன், வந்த மாசமே நிஜமாக ஓர் ஆட்டைத் திருடினான். "ஏண்டா இப்படி?" என்று தெருவில் மூத்தவளான நீலாம்பாள் கேட்டதற்கு, "பேருதான் வந்துட்டுதே பெரியம்மா, பொருளாவது வரட்டும்" என்றான். மறுபடி கொண்டுபோனார்கள். பிடிக்கப் பிடிக்கத் திருட்டு கூடியது. திருட்டு கூடக் கூட இன்னும் பிடித்தார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்தச் சீமையில் நாற்றங்காலில் நாற்றைப் பறித்து முடியாகக் கட்டிப் போடுவது ஆம்பிளை வேலை. அந்த முடியைப் பிரித்துச் சேற்றில் நடுவது பொம்பிளை வேலை. பறிக்க ஆள் இல்லாத தெருவுக்கு நடவும் இல்லை. பண்ணையாருக்கு எல்லாம் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் தியாகராசன், கொள்ளிடத்துக்கு அந்தாண்டையிலிருந்து லாரியில் ஆணும் பெண்ணுமாக ஜோடி ஜோடியாக ஆள் இறக்கினார். உள்ளே போனவன் ஜெயில் களி தின்றான். வெளியில் இருந்தவளுக்கு அதுவும் இல்லை.

அம்சம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு வருஷம் வைகாசியில் நேரே காரியக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பறிக்கிறதும் நாங்களே, நடுறதும் நாங்களே. லாரி வாடகை மிச்சம் உங்களுக்கு."

"பொம்பளை நாத்து பறிக்கிறதா? முடி போடத் தெரியுமா உங்களுக்கு?"

"தலைமுடியையே கட்டத் தெரியுதுல்லங்க. கட்டிக் காட்டறோம்."

தியாகராசன் லாரி வாடகையை நினைத்துப் பார்த்தார். சரி என்றார்.

அந்தச் சமயத்தில்தான், மருதையன் இன்னும் உள்ளேயே இருக்க, தங்கையன் மட்டும் ஜெயிலிலிருந்து வந்தான். வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார மாட்டான். சாப்பாட்டுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தின்பான். வேலை கேட்டுப் போனான். "ஜெயிலுக்குப் போன கால் பண்ணை வயல்ல படக் கூடாது" என்று தியாகராசன் வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். நாலு ஊர் அலைந்தான். நாலு ஊரிலும் அதே பேச்சு. அப்புறம் அலைவதையும் விட்டுவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான்.

ஆனி மாசம். நாளைக்கு நாற்றுப் பறி என்று பேசி வைத்திருந்தார்கள். அன்றைக்குக் காலையில் பண்ணையில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஓடவில்லை.

டீசலைப் பீய்ச்சுகிற நாசில் என்று எஞ்சினில் ஒரு சாமான் உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும், அது இல்லாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்புப் பாறை. அதை யாரோ பதமாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தியாகராசன் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். எட்டிப் பார்த்த அம்சத்துக்கும் திக்கென்றது. நாற்றங்காலில் தண்ணீர் சுண்டிவிட்டது. அந்த வெயிலுக்குச் சேறு இறுகினால் நாற்று வேரோடு வராது, கழுத்தோடு அறுந்து வரும். சீக்கிரம் விளைகிற குட்டைப் பயிர் நாற்று வேறு. நாள் கடந்தால் முற்றிவிடும். அத்தனை பேருடைய நடவும் அந்தத் தண்ணீரில்தான் நின்றது.

"எனக்குத் தெரியும் எந்தத் தெரு வேலைன்னு" என்று தியாகராசன் கத்தினார். "ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் மறுவேலை. நாளைக் காலையில ஏட்டு வருவார், வந்து உரிக்கிற உரியில நாசில் தானா வந்து விழும்."

அம்சம் நேரே வீட்டுக்கு வந்தாள். தங்கையன் தலைக்கு வைத்திருந்த துண்டை உருவி மோந்து பார்த்தாள்.

"என்னக்கா?" என்று எழுந்து உட்கார்ந்தான்.

"துண்டுல என்னடா வாடை?"

"வேர்வையா இருக்கும்."

"எந்த ஊர்லடா வேர்வை டீசல் வாடை அடிக்குது?"

அவள் கூரைச் செருகலில் கை விட்டுத் துழாவினாள். ஓலைக்குள் ஒரு கந்தல். கந்தலுக்குள் அந்தச் சாமான், எண்ணெய் பளபளக்க இருந்தது. விட்டாள் ஓர் அறை. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அறை விழும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, அடுத்த அடிக்குத் தயாராக இருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இதை எங்கே படித்தான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எதுக்குடா எடுத்தே?"

"உள்ள ஒருத்தன் சொல்லிக் கொடுத்தான். சின்ன சாமான், நல்ல விலை, மாயவரத்துல வாங்கிக்குவாங்கன்னான்." தலையைத் தூக்கினான். "யாருக்கும் நட்டமில்லைக்கா. சும்மா கிடக்கிற எஞ்சின்தானே அது? மேட்டூர் திறந்தாச்சு. ரெண்டொரு நாள்ல ஆத்துல தண்ணி வந்துடும். அப்புறம் அடுத்த கோடைக்குத்தானே அதைத் தொடப்போறாங்க? தென்னங்கன்னு கொஞ்சம் வாடும், அவ்வளவுதான்."

அம்சம் அவனையே பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அவன் உள்ளே போன காலத்தில் அந்த எஞ்சின் தென்னங்கன்றுக்குத்தான் தண்ணீர் விட்டது. ஆற்றில் தண்ணீர் வந்த பிறகுதான் நாற்றங்காலில் விதை தெளிப்பார்கள். அப்புறம் குட்டைப் பயிர் வந்தது. பூமிக்குள் குழாய் இறக்கி, ஆற்றை எதிர்பாராமல் எஞ்சின் தண்ணீரிலேயே நாற்று விட்டு, ஆறு வரும்போது நடவுக்குத் தயாராக நிற்கிற வழக்கம் வந்தது. விவசாயமே மாறிப்போயிருந்தது. சுவருக்குள் கிடந்தவனுக்கு அதை யார் சொன்னார்கள்?

"நாத்தங்காலுக்குத் தண்ணி அந்த எஞ்சின்லேர்ந்துதாண்டா வருது" என்றாள். "நாளைக்கு நாங்க பறிச்சு நடப்போற நாத்துடா அது. நானும், நீலாம்பா பெரியம்மாவும், ராஜாத்தியும்."

தங்கையனுக்கு முகம் செத்துவிட்டது. "நாத்தங்காலுக்கா?" என்றான். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாதுக்கா." பிறகு, "நான் பாபநாசம் பக்கம் ஓடிடறேன். சாமானை ஆத்துல போட்டுடு" என்றான்.

ஆற்றில் போடுவதா? போட்டால் நாற்று காயும். ஏட்டு வந்து இவன் இல்லாவிட்டால் எவன் கிடைக்கிறானோ அவனை இழுத்துக்கொண்டு போவார். காரியக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் காலில் விழுவதா? அவருக்கு வேண்டியது நாசில் மட்டுமா? நிலத்தில் ஏர் கட்டினவன் ஒருத்தன் திருடன் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். பண்ணையாருக்கு அது ஒரு மாலை போட்ட மாதிரி. இந்த முறை உள்ளே போனால் தங்கையன் திரும்பி வரமாட்டான். உடம்பு வரும். வேம்பு வந்த மாதிரி வரும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் பயந்ததெல்லாம் அந்த ஒன்றுக்குத்தான்.

"ஓடினா நீ அவங்க ஆளு" என்றாள். "நின்னா எங்க ஆளு. எந்திரி."

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நாசிலை மடியில் கட்டிக்கொண்டு, காளியம்மன் கோயில் வாசலுக்குப் போய் மணியை அடித்தாள்.

கண்ணுகளா, அந்தத் தெருவுக்கென்று ஒரு முறை இருந்தது. தெருவில் நடந்ததைத் தெருவே கேட்கும். தப்பு செய்தவன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி வாசலில் விழ வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டும். எடுத்ததைத் திருப்ப வேண்டும். போட்ட தண்டத்தை ஏற்க வேண்டும். அதெல்லாம் ஆனதும் நாட்டாமை எழுந்து "தீர்ந்தது" என்பார். அவ்வளவுதான், பேச்சு தீர்ந்தது. அதற்கப்புறம் எவனாவது, சண்டையிலோ குடிவெறியிலோ, அதை எடுத்துப் பேசினால் அதே தண்டம் பேசினவனுக்கு விழும். இளவட்டத்தில் சேவல் எடுத்த ஒருத்தர் பிற்காலத்தில் கோயில் உண்டியலுக்கே பொறுப்பாக இருந்தார். அந்தச் சேவலைப் பற்றி அவர் பெண்டாட்டிகூட வாய் திறந்ததில்லை. ஆனால் நாட்டாமையையே வேனில் ஏற்றிக்கொண்டு போன பிறகு கேட்பார் இல்லை, கூடுவார் இல்லை. சேவல் எடுத்தவனும் ஸ்டேஷனுக்குத்தான் போனான்.

மணிச் சத்தம் கேட்டுப் பொம்பிளைகள் வந்தார்கள். வீடுகளில் மிச்சமிருந்த ரெண்டு கிழவர்களும் வந்தார்கள்; ஒருத்தருக்குக் காது கேட்காது.

"யாருடி மணி அடிச்சது? யாருக்கு என்ன?" என்று முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள் நீலாம்பாள். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"நான்தான் பெரியம்மா. என் தம்பி மேல பிராது வச்சிருக்கேன். கேக்கணும்."

"கேக்க நாட்டாமை எங்கடி இருக்கார்? திருச்சி ஜெயில்ல போயா கேப்பே?"

"நீங்க கேளுங்க."

"நானா? பொம்பளை உக்காந்து நாயம் கேட்டா சாமி கோச்சுக்காதா?"

"கோயிலுக்குள்ள உக்காந்திருக்கிறது யாரு, ஆம்பளையா?" என்றாள் ராஜாத்தி பின்னாலிருந்து.

காது கேட்காத கிழவரின் காதில் மற்றக் கிழவர் கத்திச் சொன்னார். அவர் யோசித்து, "மணி அடிச்சாச்சுல்ல? அடிச்சா கேட்டுத்தான் ஆகணும்" என்றார். நீலாம்பாள் நாட்டாமை உட்காருகிற கல்லைப் பார்த்தாள். அதன்மேல் உட்கார மனசு வரவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தங்கையன் துண்டை இடுப்பில் கட்டினான். விழுந்தான். மண்ணைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். நாற்றங்காலுக்குத் தண்ணீர் போகிற எஞ்சின் என்று தெரியாமல் போயிற்று என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

அப்புறம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். விளக்குமாற்றால் அடிக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. மொட்டை போட வேண்டும் என்றாள் இன்னொருத்தி. "என் ஆட்டைக் கொண்டு போனவனும் இப்படித்தான் எங்கியோ ஒருத்திக்குத் தம்பியா இருப்பான்" என்று ராஜாத்தி அழுதாள். அம்சம் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. பிராது வைத்தவள் வாய் திறக்கக் கூடாது என்பது முறை. நகத்தால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டே நின்றாள்.

நீலாம்பாள் கையைத் தூக்கினாள். "அடிபட்டு அடிபட்டுத்தான் இவன் இப்படி ஆயிருக்கான். நம்ம அடி வேறயா? நம்ம நடவைக் கெடுத்தான்ல, நடவே நடட்டும். இந்தக் குறுவை முடியறவரைக்கும் பொம்பளைங்க வரிசையில நம்மகூடக் குனிஞ்சு நடணும். ஆம்பளை நட்டா மீசை உதிர்ந்துடுதான்னு பாத்துடுவோம்."

ஆம்பிளை நடவு நடுவதாவது! கிழவர்களே சிரித்துவிட்டார்கள். தங்கையன் சிரிக்கவில்லை. "நடறேன் பெரியம்மா" என்றான்.

"இப்பவே சாமானைக் கொண்டுபோய் மாட்டு. மாட்டி எஞ்சின் ஓடட்டும், அப்பத்தான் சொல்லுவேன்."

வெயில் தாழ்வதற்குள் அத்தனை பேரும் வரப்பில் நடந்து எஞ்சின் கொட்டகைக்குப் போனார்கள். தங்கையன் நாசிலை மாட்டினான். கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் ரெண்டு தரம் இருமியது. அப்புறம் டுப் டுப் என்று பிடித்துக்கொண்டது. தொட்டியில் தண்ணீர் விழுந்து நாற்றங்கால் பக்கம் ஓடியதைப் பார்த்துவிட்டு நீலாம்பாள் சொன்னாள்: "தீர்ந்தது."

சத்தம் கேட்டுத் தியாகராசன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தண்ணீரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தங்கையனைப் பார்த்ததும் சுருங்கியது.

"ஓஹோ. நான் நினைச்சது சரிதான்."

"சாமான் இருக்கு, தண்ணி ஓடுது" என்றாள் அம்சம். "கொடுத்த புகாரைத் திருப்பி வாங்கிக்குங்க."

"வாங்குறதா? பண்ணையாருக்குச் சொல்லி விட்டாச்சு. நாளைக்கு ஏட்டு வர்றது வர்றதுதான். நீங்க ஒழுங்கா வந்து நாத்துப் பறிக்கிற வழியைப் பாருங்க."

"பறிக்கிறோம்" என்றாள் அம்சம். குரலில் ஒன்றும் காட்டவில்லை.

அன்றைக்கு நட்டு முடிக்கிற அளவுதான் அன்றைக்கு நாற்றுப் பறிப்பார்கள். பறித்த நாற்று வெயிலில் கிடந்தால் பழுத்துவிடும்; அதற்கப்புறம் மாட்டுக்குத்தான் ஆகும். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். மறுநாள் விடிந்தும் விடியாமல் நாற்றங்காலில் இறங்கிய அம்சம், முதல் முடியைக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"எல்லாத்தையும் பறிங்க."

"எல்லாத்தையுமா? நட முடியாதேடி" என்றாள் ராஜாத்தி.

நீலாம்பாள் அம்சத்தைப் பார்த்தாள். அம்சம் ரோட்டைப் பார்த்தாள். கிழவிக்குப் புரிந்துவிட்டது. "சொன்னதைச் செய்யுங்கடி. வேர்ல மண்ணை உதறிப் பறிங்க" என்று சொல்லிவிட்டுப் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

வெயில் சுள்ளென்று ஏறியபோது நாற்றங்கால் மொட்டையாகக் கிடந்தது. சேறடித்த வயல்களில் எங்கே பார்த்தாலும் நாற்று முடி. ஒரு நாற்றுகூட நட்டபாடில்லை. அந்த நேரத்துக்குத்தான் ஜீப் வந்தது.

சத்தம் கேட்டதும், வரப்பில் காத்திருந்த தங்கையனின் கால்கள் தானாகத் திரும்பின. மூங்கில் கொல்லை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அம்சம் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சேற்றுக் கைக்குள் அவன் நாடி துடித்தது. "நில்லுடா" என்றாள். "எனக்காக நில்லு." அவன் நின்றான். பொம்பிளைகள் கரையேறி, அவனை நடுவில் விட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். சேற்றுக் காலோடு, முடி கட்டின ஈரக் கையோடு.

ஏட்டு இராஜாங்கம் தொப்பையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் மெல்ல நடந்து வந்தார். பின்னால் தியாகராசன்.

"என்னம்மா, திருடனை நடுவுல வச்சுக் கும்மியடிக்கிறீங்களா?"

"திருடன்னு யாரும் இங்க இல்லீங்க" என்றாள் அம்சம்.

"நாசிலை எடுத்தது யாரு?"

"அது தீர்ந்த பேச்சு."

"என்ன தீர்ந்த பேச்சு? நான் இன்னும் கேஸே எழுதலை. ஏய், நீ சொல்லு" என்று ராஜாத்தியைப் பார்த்தார்.

"தீர்ந்த பேச்சுங்க."

"கிழவி, நீ?"

"எனக்குத் தண்டம் கட்ட வசதியில்லீங்க ஏட்டய்யா. தீர்ந்தது தீர்ந்ததுதான்."

ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொருத்தியும் அதையே சொன்னாள். கூட வந்து உட்கார்ந்திருந்த காது கேட்காத கிழவர் கேள்வி என்னவென்று தெரியாமலே "தீர்ந்துது, தீர்ந்துது" என்றார். ஏட்டுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

"சரி. எல்லாரையும் ஜீப்பில ஏத்தறேன், அப்பப் பேசுவீங்க."

"ஏத்துங்க" என்று எழுந்தேவிட்டாள் நீலாம்பாள். "எங்க தெருவுல ஆம்பளை தீர்ந்துபோச்சு, இனிமே எங்களைத்தானே ஏத்தணும்? என் புள்ளைங்க ரெண்டு பேரையும் பாத்த மாதிரி ஆச்சு."

"பொம்பளை ஜெயில் அங்க இல்லை. வேலூர்ல இருக்கு."

"அப்ப வேலூரைப் பாத்த மாதிரி ஆச்சு. ரயிலா, பஸ்ஸா? ஜன்னல் ஓரம் எனக்கு."

சிரிப்பு வெடித்தது. ஏட்டு லத்தியை வரப்பில் ஓங்கித் தட்டினார். சிரிப்பு அடங்கியது. அப்போது அம்சம் எழுந்து அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"எங்க தெருவுலேர்ந்து எத்தினி பேரைக் கொண்டு போனீங்க? திருட்டு குறைஞ்சுதாங்க? வேம்பைக் கொண்டுபோனப்ப அவன் திருடன் இல்லை. நீங்க திருப்பி அனுப்பினப்ப திருடன். தப்பு பண்ணினா அடக்கி வைக்கப் பெரிய மனுஷங்க இருந்தாங்க. அவங்களைக் கொண்டு போனீங்க. புள்ளைங்களுக்குச் சோறு போடுறவங்களைக் கொண்டு போனீங்க. வீட்டுக்கு ஒரு காவல் இல்லாம ஆக்கிட்டு, திருடன் வந்துட்டான்னு மறுபடியும் எங்ககிட்டயே வர்றீங்க. இவனை நாங்க கேட்டாச்சு. விழுந்து எந்திரிச்சாச்சு, தண்டமும் போட்டாச்சு. பொருள் இருந்த இடத்துலயே இருக்கு. இதுக்கு மேல உங்களுக்கு இவன் எதுக்கு? தரமாட்டோம்."

"தரமாட்டியா? சட்டம் உன் வீட்டுக் கொல்லையா?"

"சட்டம் யார் வீட்டுக் கொல்லைன்னு அந்தா தெரியுது பாருங்க" என்று பிறக்காத பேரனின் நிலத்தைக் கை காட்டினாள்.

ஏட்டு லத்தியைத் தூக்கினார். ஓர் எட்டு முன்னால் வைத்தார். பொம்பிளைகள் ஒருத்தரை ஒருத்தர் கை கோத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் தியாகராசன் வயலைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் கண் தங்கையன் மேலேயே இருந்தது.

"அடிப் பாவிகளா! முழு நாத்தங்காலையுமா பறிச்சுட்டீங்க?"

"பொம்பளைக்கு முடி போடத் தெரியுமான்னு கேட்டீங்களே" என்றாள் அம்சம்.

தியாகராசன் முடிகளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார், ஒரு மேகம் இல்லை. இவர்களை ஏற்றிக்கொண்டு போனால் கொள்ளிடத்துக்கு ஆள் அனுப்பி, லாரி பிடித்து, ஜோடி வந்து இறங்குவதற்குள் பொழுது போய்விடும், நாற்று பழுத்துவிடும். மறுபடி விதை விட்டால் குறுவைக்குப் பருவம் தப்பும். அந்த நிலம் யார் யார் பேரில் இருந்தால் என்ன, நெல் வரவில்லை என்றால் பண்ணையார் உரிப்பது காரியக்காரர் தோலைத்தான்.

"ஏட்டய்யா" என்றார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

இருவரும் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். நாசில் கழன்று கொட்டகையிலேயே விழுந்து கிடந்ததாகவும், தான்தான் அவசரப்பட்டுவிட்டதாகவும் தியாகராசன் சொன்னது காற்றில் கேட்டது. ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி வந்து லத்தியைத் தங்கையன் பக்கம் நீட்டினார்.

"அடுத்தாப்ல இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு ஊசி காணாமப் போனாலும் நான் முதல்ல வர்றது இங்கதான்."

"வாங்க" என்றாள் அம்சம். "வந்து முதல்ல எங்களைக் கேளுங்க. எடுத்தவன் எங்க தெருவா இருந்தா எடுத்ததை நாங்களே உங்க முன்னாடி வைக்கிறோம். ஆளை மட்டும் கேக்காதீங்க."

ஜீப் போயிற்று. யாரும் கை தட்டவில்லை, தட்ட நேரமில்லை. தியாகராசன் "இறங்குங்க, இறங்குங்க" என்று பறந்தார். ஒருத்தியும் இறங்கவில்லை.

"இன்னும் என்ன?"

"தங்கையனும் இறங்குவான். எங்க வரிசையிலேயே. அவனுக்கும் எங்க கூலி."

"ஜெயிலுக்குப் போன கால்..." என்று ஆரம்பித்தவர், வெயிலில் துவண்டுகொண்டிருந்த முடியைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை விழுங்கினார். "இறங்கித் தொலையட்டும்."

தங்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். நீலாம்பாளுக்கும் அம்சத்துக்கும் நடுவில் இடம் விட்டார்கள். நாற்றைக் கத்தையாகப் பிடித்துக் கோழி கிளறின மாதிரி நட்டான். "குத்தாதேடா, அது உன் எதிரியா? வேரைப் புடிச்சு விரலால அழுத்து" என்று நீலாம்பாள் கத்தினாள். "முதுகை நிமிராதே, நிமிர்ந்தா அப்புறம் குனிய வராது." வரிசை முழுக்கச் சிரித்தது. வேர்வை மூக்கில் சொட்டச் சொட்ட அவனும் ஒரு தரம் சிரித்தான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. அம்சம் அதைப் பார்க்காத மாதிரி நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

தியாகராசனுக்கு வரப்பில் சும்மா நிற்க முடியவில்லை. தோற்றது உறுத்திக்கொண்டிருந்தது.

"ஏ அம்சம்" என்று கூப்பிட்டார். "இனிமே உங்க தெருவுக்கு ஒரு விஷயம்னா நான் யார்கிட்ட பேசறது? யாரு இப்ப அங்க நாட்டாமை?"

அவள் நிமிரவில்லை. கையில் இருந்த நாற்றை ஊன்றிவிட்டுத்தான் சொன்னாள்.

"குனிஞ்சு நிக்கிறோம்லங்க. வரப்புல நின்னு முதுகை எண்ணிக்குங்க. அத்தனையும்தான்."